டீச்சர் பேசினில் காட்டிய அலை

மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் சொன்னார்கள். பௌதிகவியல் படிப்பித்த ஹசீனா டீச்சர் மௌத்தாகிவிட்டார். கை அப்படியே மீனில் நின்றுவிட்டது.

உங்களில் பலர் அவரிடம் படித்துப் பெரிய இடங்களுக்குப் போனவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உங்களோடு சேர்ந்து டீச்சரின் இந்த நினைவு மலரில் எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எனக்கும் அவர் ஒரு பாடம் எடுத்தார்.

அலையை மறிக்கக் கடலுக்குள் கல்லணை போட்ட பிறகு எங்கள் பக்கத்துக் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. தென்னைகள் விழுந்தன. பிறகு கக்கூசுச் சுவரும் விழுந்தது. பழைய சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு இருந்தோம். அந்த நேரம்தான் என் மகள் தலாக் ஆகி வீட்டுக்கு வந்தாள். "வாழாவெட்டி கால் வெச்ச வளவு. கடல் சும்மா விடுமா கா?" என்று ஊர்ப் பெண்கள் கதைத்தார்கள். மகள் வாசலுக்கு வருவதையே விட்டாள். நானும் வா என்று கூப்பிடவில்லை.

இந்தக் கதை காதில் விழுந்ததோ என்னவோ, ஒருநாள் டீச்சர் வீட்டுக்கு வந்தார். அந்தச் சேலை மறைப்பை அவர் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் கடல் அரித்த கரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மீன் கழுவுற பேசினக் கொண்டு வாங்க கா. மகளையும் கூப்பிடுங்க."

"அது நாறும் டீச்சர்."

"கடலும்தானே நாறுது. கொண்டு வாங்க."

பேசினில் தண்ணீர் விட்டு, ஓரத்தில் மண் குவித்து, அதற்கு முன்னால் செங்கல் ஒன்றை வைத்தார். மறுபக்கத்திலிருந்து உள்ளங்கையால் தண்ணீரை மெல்லத் தட்டினார். செங்கல்லுக்குப் பின்னால் இருந்த மண் கரைந்தது.

"பாத்தீங்களா? அலை கல்லில முட்டி நிக்கல்ல. முனையால வளைஞ்சு பின்னுக்குப் போகுது. கரையோரமா வாற மண்ணையும் அணை மறிக்குது. போன மண்ணுக்குப் பதில் மண் வாறல்ல."

மகள் குனிந்தபடியே கேட்டாள். "அப்ப நான் வந்ததால இல்லையா டீச்சர்?"

"நீ வந்தத கடலுக்கு ஆர் புள்ள சொன்ன? உன்ட உம்மாவா?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மனதில் இப்படி ஒரு கேள்வி கிடந்தது பெற்ற எனக்குத் தெரியவில்லையே என்று தலையைத் தொங்கப்போட்டேன்.

கடல் அதோடு நிற்கவில்லை. அடுத்த மாரி மழையில் சமைக்கிற குசினியும் கடலோடு போனது. ஊர்க் கதையும் நிற்கவில்லை.

டீச்சரின் முகம் பார்க்க ஜனாஸா வீட்டுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் ஒருத்தி, "இவளையுமா கூட்டி வந்த?" என்றாள். முகம் சுட்டது. "ஓம். என்ட மகள்" என்றேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்வாசலால் போகவில்லை.

எனக்கு இன்னும் வெட்கம் போகவில்லை. ஆனால் இப்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கப்படுகிறேன். டீச்சர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.