சூரியத் தகட்டுக்கு ஒரு செவ்வந்தி மாலை

காலை ஏழேகால். புக்கிட் செந்தோசாவில் காரில் ஏறும்போதே எனக்குத் திரும்பிப் போய்ப் படுக்க வேண்டும் போலிருந்தது. கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் மாணவர்கள் சூரியசக்தியில் ஓடும் தண்ணீர்ப் பம்பு செய்திருந்தார்கள். பார்த்து முடிவு சொல்ல வேண்டிய பொறியாளருக்குக் காய்ச்சல். பதிலுக்கு, மேடைகளில் தலைமை தாங்கியே பழகிய நான். வீட்டில் பல்பு மாற்றவே மச்சான் சண்முகத்தைக் கூப்பிடுகிறவன்.

காரை ஓட்டியதும் அவன்தான்.

"கரண்டப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

"பில்லு கட்டத் தெரியும்."

"அதுவும் என் தங்கச்சிதான லா கட்டுது."

பெஸ்தாரி ஜெயாவில் தோசை, நுரை ததும்ப ஆற்றிய தே தாரேக் தேநீர். ஆளுக்கு ஆறு வெள்ளி. அதன்பிறகு இருபுறமும் செம்பனைத் தோட்டம், செம்பனை, மறுபடியும் செம்பனை. குலை ஏற்றிய லோரி ஒன்றின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் என் இடுப்பு ஓய்வு பெற்றுவிட்டது.

ஒன்பதரைக்குப் பள்ளி. கீரைப்பாத்தி ஓரம் இரும்புச் சட்டத்தில் தகடு. அதிலிருந்து பீப்பாய்க்குள் கிடந்த பம்புக்கு ஒயர். குழுத்தலைவி ஷர்மிளா, ஆறாம் ஆண்டு. குழாயில் தண்ணீர் வந்தால் குழு மாநிலப் போட்டிக்குப் போகும். வராவிட்டால் இந்தப் பாத்தியோடு சரி.

புது லோரிக்குச் செய்வதையெல்லாம் தலைமையாசிரியர் தகட்டுக்கும் செய்தார். சந்தனம், குங்குமம், சூடம், கடைசியில் தடித்த செவ்வந்தி மாலை. ஷர்மிளா சுவிட்சைப் போட்டாள். பம்பு ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டு அடங்கியது. வெயிலோ மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"நேத்து நல்லா ஓடுச்சுங்க ஐயா," என்றார் தலைமையாசிரியர். "ஓடுச்சுன்னே எழுதிடுங்களேன்."

என் இடுப்பு உடனே சம்மதித்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"வேணாம் சார்," என்றாள் ஷர்மிளா. "அங்கயும் ஓடலன்னா என்னத்தக் காட்டுறது?"

சொல்லிவிட்டு மாலையைப் பார்த்தாள். தகட்டில் பாதி அதன் நிழலில் கிடந்தது. எனக்கே விளங்கியது. ஆனால் தலைமையாசிரியர் சூடம் காட்டிப் போட்ட மாலையை, அவர் முன்னாலேயே யார் கழற்றுவது?

"சார், ஐயாவுக்கு இன்னும் மாலயே போடலியே," என்றாள்.

அவர் முகம் வெளுத்தது. வாங்கியதே ஒன்றுதான் போலும். "ஆமா, போடும்மா, போடு," என்று அவசரப்பட்டார். அவள் தகட்டிலிருந்த மாலையைப் பக்குவமாகக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். திரும்பும் சாக்கில் கைக்குட்டையால் சந்தனத்தையும் துடைத்தாள். பம்பு இருமியது, பிறகு குழாயில் தண்ணீர் பாய்ந்தது, முதலில் என் காலணி மேல். பிள்ளைகள் கத்திய கத்தலில் தலைமையாசிரியரும் கைதட்டினார்.

'ஓடியது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

திரும்பும் வழியில் அதே செம்பனை. கழுத்து அரித்தது.

"பெரிய மாலையா இருக்கே. என்ன பண்ணின?" என்றான் அதுவரை காரிலேயே தூங்கிக் கிடந்த மச்சான்.

"நின்னேன்."

எத்தனையோ மேடைகளில் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள். எதற்கென்று ஒருமுறையும் விளங்கியதில்லை. இதற்கு மட்டும் காரணம் தெரியும். கழற்றிய மாலையை வைக்க அந்தப் பிள்ளைக்கு ஒரு கழுத்து வேண்டியிருந்தது.