எருப் பாதி

என் வீட்டுக்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்; பொய் மட்டும் வராது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவன் நான், கொஞ்சம் இரக்கப்படுங்கள்.

பல்கலைக்கழகத்தின் வேளாண் சூழலியல் மையத்தில் அவள் வயல் மேற்பார்வையாளர். நான் அங்கேயே கேண்டீன் சமையல்காரன். அவள் விளைவிப்பதைத்தான் சமைக்கிறேன். வீட்டிலும் சமையல் என்னுடையதுதான். அவள் உப்புப் போடும் அழகை ஒருமுறை பார்த்ததே போதும்.

அவளுடைய தக்காளி வயல் இரண்டு பாதி. ஒன்றுக்குக் கடை உரம், மற்றதற்கு மக்கிய எருவும் இலைதழையும். தண்ணீர் உட்பட மற்றதெல்லாம் இரண்டுக்கும் ஒரே அளவு. எதில் விளைச்சல் கூடுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. எருப் பாதி அவளுக்குச் செல்லப்பிள்ளை. ஆனாலும் ஒரு குவளை தண்ணீர்கூட அதற்குக் கூடுதலாக விடமாட்டாள். இரட்டைப் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றுகிற தாய்கூட அவ்வளவு கறாராக இருக்கமாட்டாள்.

இந்த வருடம் எருப் பாதி காய்த்துத் தள்ளியது. மையத்தை மூடுவதா, நடத்துவதா என்று முடிவெடுக்கப் பல்கலைக்கழகம் அமைத்த குழு வரப்போகிற நேரம். மூடினால் எங்கள் இருவர் வேலையும் போச்சு. இயக்குநர் அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. எனக்கும்தான்.

குழு வருவதற்கு முதல் நாள், என் வீட்டுக்காரி சேறும் சகதியுமாகக் கேண்டீன் அடுப்படியில் வந்து நின்றாள். எருப் பாதிக்கு அடியில் போகும் பழைய குழாயில் இணைப்பு விட்டிருக்கிறதாம். கோடை முழுக்கத் தண்ணீர் கசிந்து வேருக்குப் போயிருக்கிறது. அடுத்து இவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாதா?

குழு போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்றேன். கெஞ்சினேன். மகள் படிப்பை இழுத்தேன். கடைசியில் கரண்டியை வீசிவிட்டுக் கத்தினேன். அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏங்க, நம்ம பேச்சை நம்பி யாராவது ஒருத்தர் உரத்தை நிறுத்துவாரு. அவரு வயல்ல குழாய் ஒழுகாது."

நேராக இயக்குநர் அம்மாவிடம் போய்ச் சொன்னாள். முகம் வெளுத்துப்போனாலும் அந்த அம்மா தடுக்கவில்லை. மறுநாள் குழுவின் முன்னால் அவளே எழுந்து சொன்னாள். கசிவு எட்டாத வரிசைகளை மட்டும் வரிசைக்கு வரிசை ஒப்பிட்டால், எருப் பாதியின் விளைச்சல் மற்றதைவிடக் குறைவு. தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற எனக்கு, தட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

குழுவில் ஒரே ஒரு விவசாயி இருந்தார். அதுவரை வாயே திறக்காதவர், கசிவு இல்லாமல் தன் நிலத்தில் எப்படி வரும் என்று கேட்டார். ஆரம்பத்தில் குறையத்தான் செய்யும், கையைக் கடிக்கும் என்றாள் இவள். அவர் தலையாட்டிக்கொண்டார்.

ஐந்து வருட நீட்டிப்புக் கேட்ட மையத்துக்கு ஒரு வருடம்தான் கிடைத்தது. நான் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டேன், பேசவில்லை.

அடுத்த வாரம் அந்த விவசாயி வண்டியோடு வந்தார். கொஞ்ச நிலத்தில் போட்டுப் பார்க்கத் தக்காளி நாற்றும் ஒரு சுமை எருவும் வேண்டுமாம். அவ்வளவு கேட்ட பிறகுமா என்றேன்.

"எல்லாரும் நல்லா வரும்னுதான் சொல்றாங்க. குறையும்னு சொன்னது அந்தம்மா ஒருத்தர்தான். அதான் நம்பி வந்தேன். எங்க அவங்க?"

அவள் வயலில் குனிந்து குழாயை மாற்றிக்கொண்டிருந்தாள். கை நீட்டிக் காட்டினேன்.

"அதோ. எங்க வீட்டுக்காரம்மாதாங்க."

கல்யாணத்தன்றுகூட அதை நான் அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.