அடுத்த குப்பம் கேட்க வேண்டும்

கிளியம்மாளுக்கு உலகத்தில் இரண்டு சர்க்கார்கள்தான் தெரியும். ஒன்று அவள் குடியிருந்த சர்க்கார், மற்றது அவள் மீன் விற்ற சர்க்கார். பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே கடலோரத்தில் இருந்தது அவள் குப்பம். விடியலில் கூடையைத் தலையில் ஏற்றினால் இங்கிலீஷ்காரன் மண்ணிலேயே நடந்து, கோட்டக்குப்பம் தாண்டி, ஓர் எல்லைக்கல்லைக் கடந்து பிரெஞ்சுக்காரன் மண்ணில் கால் வைப்பாள். கல்லுக்கு இந்தப் பக்கம் போலீஸ்காரன் தொப்பி ஒரு தினுசு, அந்தப் பக்கம் வேறு தினுசு. மீன் விஷயத்தில் வித்தியாசம் கிடையாது. இரண்டு பக்கத்திலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நேத்து மீனா?" என்றுதான் கேட்டார்கள்.

உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வருஷத்துக் கோடையில், குப்பத்து ஜனங்கள் கருவாடு போடுவதற்காக உவர்நிலத்தில் உப்பு வழித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கோடையிலும் வழித்ததுதான். அந்த வாரம் அது ராஜத்துரோகம் ஆகியிருந்தது. யாரும் வந்து சொல்லவில்லை. லாரியில் போலீஸ் வந்து இறங்கியது. கலைந்து போகும்படி உத்தரவை முறைப்படி வாசித்தார்கள். இங்கிலீஷில் வாசித்தார்கள். ஜனங்கள் மரியாதையாக நின்று கேட்டார்கள். வாசித்து முடிந்ததும் அடி விழுந்தது.

ஆண், பெண் என்று பார்க்கவில்லை. கையில் அகப்பட்ட கட்டுமரங்களைக் கோடாலியால் பிளந்தார்கள். வலைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். பச்சைமுத்து என்ற கிழவர் தன் வலையை இழுக்கப் போனார். மண்டையில் அடிபட்டு இரண்டொரு நாளில் செத்துப்போனார். கிளியம்மாளின் புருஷன் கண்ணையனையும் இன்னும் சில ஆண்களையும் கயிற்றில் கோத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கிளியம்மாள் திண்டிவனம் போனாள். ஜெயில் வாசலில் நின்றவன், "அப்படி ஒருத்தன் இங்க இல்ல" என்றான். விழுப்புரம் போனாள். அங்கேயும் இல்லை. மறுபடி திண்டிவனம் வந்தாள். "அதான் இல்லன்னு சொன்னேன்ல" என்றான் அதே ஆள். குப்பத்துப் பெண்களுக்குள் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. தாலியைக் கழற்றிவிடுவதுதான் முறை என்றது ஒரு கட்சி. ஆடி போகட்டும் என்றது மற்றக் கட்சி. கழுத்து அவளுடையது என்பதால் அவளையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். உயிரோடு இருக்கிறானா என்று யாராவது கேட்டுச் சொன்னால் போதும் என்றாள்.

குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் விருத்தாசலம் கூட்டம் போட்டார். கூட்டத்தில் பெண்கள் பேசக்கூடாது, பின்னால் நிற்கலாம்.

"யாருகிட்டப் போய்க் கேக்கறது? அடிச்சவன்கிட்டயேவா?" என்றார் விருத்தாசலம்.

கிளியம்மாள் பின்னால் நின்றபடியே, "மாமா, மேலக்குப்பத்து நாட்டாரு அவங்க ஊரு சின்னக்கண்ணுவோட வலையத் தூக்கிக்கினு போனாரே, அப்ப யாரு கேட்டது?" என்றாள்.

"நான்தான் கேட்டேன். ஒரு குப்பத்து நாட்டாரு தப்புப் பண்ணா அவன் ஊர்க்காரன் எப்படிக் கேப்பான்? அடுத்த குப்பம்தான் கேக்கணும்."

"அப்ப இங்கிலீஷ்காரனுக்கு அடுத்த குப்பம் எது?"

கூட்டம் கடலைப் பார்த்தது. பிறகு தெற்கே பார்த்தது.

"புதுச்சேரி" என்றார் விருத்தாசலம், மெதுவாக.

"அவன் கேக்கட்டும்."

"கேக்கலன்னா?"

"கேக்கற வரைக்கும் மீனு கெடயாது. அதான மொறை?"

"மொறையின்னா பொண்ணும் குடுக்கக் கூடாது" என்றார் ஒரு கிழவர்.

"அவனுக்கு எப்பய்யா நாம பொண்ணு குடுத்தோம்? மீனோட நிறுத்து" என்றார் விருத்தாசலம்.

முறை என்று வந்துவிட்டால் கரை முழுவதற்கும் ஒன்றுதான். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த குப்பங்களுக்கும் ஆள் போயிற்று. அவர்களும் சம்பந்திகள்தான். வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் புதுச்சேரித் துரைமார் வீடுகளில் கறி ஆகாது, வேதத்தில் தடை. மீன்தான். மார்க்கெட்டில் மீன்கல் காய்ந்து கிடந்தது.

இரண்டு வெள்ளிக்கிழமை போனபின், லூர்துமேரி எல்லைக்கல்வரை வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி டாக்டர் துரை வீட்டில் அவள் சமையல். கிளியம்மாளிடம்தான் வாடிக்கை.

"ஏ கிளி! இன்னாடி இப்படிப் பேஜாரு பண்றீங்க? தொரைக்கு முட்டைய ஆக்கி வச்சேன். மொறைச்சுக்கினே துன்னாரு."

"அவர வரச் சொல்லுக்கா. வந்து எங்க முதுவப் பாக்கட்டும். பாத்துட்டு அவங்க சர்க்காரு இங்கிலீஷ்காரனைக் கேக்கணும். அப்புறம் மீனு."

"ரெண்டும் வெள்ளைக்காரன்டி. ஒருத்தன ஒருத்தன் கேப்பானா?"

"நாங்களும் மேலக்குப்பமும் ஒரே சாதிதான். கேக்கலியா?"

லூர்துமேரி திரும்பி நடந்தாள். போய்த் துரையிடம் சொன்னாள். மூன்றாவது முட்டை வேண்டாம் என்று நினைத்தாரோ, மனசுதான் கேட்கவில்லையோ, துரை ஆள் தள்ளும் புஷ்வண்டியில் வந்து இறங்கினார். கல்லைத் தாண்டி வர அவருக்கு அனுமதி இல்லை. ஆகவே அடிபட்டவர்கள் வெளிநாடு போனார்கள். கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தால் போதும்.

துரை ஒவ்வொருவராகப் பார்த்தார். முதுகுகளைப் பார்த்தார். ஒரு பெண்ணின் மணிக்கட்டு எலும்பை விரலால் தடவிப் பார்த்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, என்ன வேண்டும் என்று லூர்துமேரி வழியாகக் கேட்டார்.

"எம் புருஷன் எங்கன்னு அவங்களைக் கேக்கணும்" என்றாள் கிளியம்மாள்.

துரை நீளமாக ஏதோ சொன்னார். லூர்துமேரி அதைச் சுருக்கினாள்: "பாரீசுக்கு எழுதறாராம். ஜெனீவாவுக்கும் எழுதறாராம். அங்க எல்லா நாட்டு நாட்டாருங்களும் ஒண்ணாக் கூடறாங்களாம்."

"அப்ப பஞ்சாயத்து இருக்குதா!" என்றார் விருத்தாசலம். "அவங்களுக்கு மீனு யாரு குடுக்கறது? தேவைப்பட்டா நிறுத்தணுமே."

லூர்துமேரி துரையைக் கேட்டுச் சொன்னாள். "அங்க கடலே இல்லியாம்."

விருத்தாசலத்தின் முகம் விழுந்துவிட்டது. கடல் இல்லாத ஊர்க்காரர்கள் எதற்குக் கட்டுப்படுவார்கள் என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டே வந்தார்.

ஜெனீவாவிலிருந்து பதில் வரவில்லை. ஆனால் துரை எழுதியது பாரீசில் ஒரு பத்திரிகையில் வந்து, அங்கிருந்து லண்டனுக்குப் போய், பார்லிமெண்டில் யாரோ ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்டிருக்கிறார். சர்க்கார் பதில் சொன்னது. யாரும் தாக்கப்படவில்லை, காவலில் இருப்பவர்கள் அனைவரும் நல்ல தேகநிலையில் இருக்கிறார்கள். பச்சைமுத்துவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

நல்ல தேகநிலையில் இருப்பதாகச் சொல்லிவிட்டால், தேகம் வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு கனவான் பார்க்க வருவதாகத் தகவல் வந்ததும், திண்டிவனம் ஜெயிலில் இல்லாத ஆண்கள் எல்லாரும் இருந்தார்கள். குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி வரிசையாக நிறுத்தினார்கள். கண்ணையனும் நின்றான். தாங்களாகவே பாறையில் விழுந்து அடிபட்டதாகக் கைநாட்டு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அத்தனை பேரும் பாறையில் விழுந்திருந்தார்கள். அந்தக் கரையில் பாறை கிடையாது.

ஜெயில் வாசலில் கிளியம்மாளைப் பார்த்ததும் கண்ணையன் முதலில் அவள் கழுத்தைத்தான் பார்த்தான்.

"கழட்டலியா?"

"ஆடி போவட்டும்னாங்க."

அவனுடைய வலது கை அதற்குப்பிறகு தோளுக்கு மேலே எழும்பவில்லை. துடுப்பை இடக்கையால் போடப் பழகினான். கட்டுமரம் கொஞ்சம் கோணலாகப் போகும். அடுத்த வெள்ளிக்கிழமை கிளியம்மாள் ஒரு முழு வஞ்சிரத்தை டாக்டர் துரை வீட்டுக்குக் கொண்டுபோனாள். லூர்துமேரி செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

சில வருஷம் கழித்து, முப்பத்தாறில், புதுச்சேரியில் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளம் சுட்டது. லூர்துமேரியின் தம்பி சவுரிராயன் தறி ஓட்டுகிறவன், செத்தவர்களில் ஒருவன். டாக்டர் துரை அதற்குள் கப்பலேறிப் போயிருந்தார். லூர்துமேரி எல்லைக்கல்வரை வந்து உட்கார்ந்தாள். கிளியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் கிளியம்மாள் திண்டிவனத்துக்குக் கிளம்பினாள்.

"அவன்கிட்டயா? நம்மள அடிச்சவன்கிட்டயா போற?" என்றார் விருத்தாசலம்.

"பிரெஞ்சுக்காரனுக்கு அடுத்த குப்பம் அவன்தானே மாமா?"

தாலுகாக் கச்சேரியில் சீனுவாசன் என்ற குமாஸ்தா இருந்தார். "என்னம்மா வேணும்?"

"புதுச்சேரில ஜனங்களச் சுட்டுட்டாங்க. உங்க சர்க்காரு அவங்களக் கேக்கணும்ங்க."

"உனக்கு அதுல என்ன?"

"எங்கள அடிச்சப்ப அவங்க உங்களக் கேட்டாங்க. இப்ப நீங்க கேக்கணும்."

குமாஸ்தா வாசலைப் பார்த்தார், யாராவது காதில் போட்டுக்கொள்கிறார்களா என்று. "தொரை ஊர்ல இல்லம்மா. நீ போ."

"சரிங்க. வந்ததும் சொல்லுங்க. அதுவரைக்கும் உங்களுக்கு மீனு கெடயாது."

மரக்காணம்வரை எல்லாக் குப்பங்களுக்கும் ஆள் போயிற்று. திண்டிவனத்துக்குப் போகும் மீன் நின்றது. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. இங்கிலீஷ்காரன் எந்தக் கிழமையில் மீன் தின்பான் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் எல்லாக் கிழமையும் நிறுத்தினார்கள்.