ரோஜாச் செடிக்கு ஊற்றிய தண்ணீர்

நான் ஐந்தாவதோடு நின்றவள். கோணல்மாணலாகத்தான் எழுத வரும், ஞாபகமும் தவறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைமேல் அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழக லேபில் கூட்டிப் பெருக்குகிறேன். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை பசுமை வேதியியல் நடத்த வந்தார். விஷ மருந்தில்லாமல் பூச்சாற்றிலேயே சோதனை செய்வார்கள்.

"மிச்சத்தைச் செடிக்கே ஊத்துங்கம்மா" என்றார். லேப் தண்ணீரைக் கேனில் மூடிவைத்தே பழகியவள், பயந்துகொண்டே ரோஜாவுக்கு ஊற்றினேன்.

மறுநாள் இலையெல்லாம் கருகிக் கிடந்தது. அந்தச் சரிவுக்குக் கீழேதான் எங்கள் தெருவின் ஊற்று. அந்தத் தண்ணீரில்தான் மகள் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைப்பாள். வகுப்பு வாசலில் போய் நின்றேன்.

"மேடம், நீங்க சொன்ன தண்ணிய ஊத்துனேனுங்க. செடி கருகிக் கெடக்குங்க."

"ராத்திரி பனி கொட்டுச்சுல்ல பாட்டி!" என்று மாணவி ஒருத்தி சிரித்தாள்.

பேராசிரியை சிரிக்கவில்லை. "ஊத்தாத செடி எப்படி இருக்கு?"

"பாக்கலைங்க."

பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் போய்ப் பார்த்தோம். ஊற்றாத செடிகளும் உறைபனியில் கருகியிருந்தன. அப்படியும் அவர் விடவில்லை. ஊற்றுத் தண்ணீரை எடுத்துவரச் சொல்லி, என் கண்ணெதிரே சோதித்தார்.

"தண்ணி நல்லாருக்கும்மா. இனிமேலும் சந்தேகம் வந்தா, சொன்னது யாரா இருந்தாலும் இப்படி வந்து கேள்வி கேளுங்க."

கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் கேட்டுவிடுகிறேன்.

அது நடந்தது மார்கழியா, தையா என்று குழம்புகிறது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.