கத்தரி ஓரம்

நேடீன் தகப்பனார் ஹாலிஸின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மாடிப்படியில் வெள்ளை இறங்கி வந்தது. முதலில் டெஸ், ஏழு வயது, வெள்ளைக் கவுன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தம்பி பூன், நாலு வயது, வெள்ளைச் சட்டை. பின்னால் அவர்களுடைய அம்மா கொரீன். அவளும் வெள்ளை.

கூடத்தில் இருந்த மற்ற ஆறு பேரும் கருநீலத்தில் இருந்தார்கள்.

நேடீனின் தம்பி வெஸ் வேர்க்கடலை உரிப்பதை நிறுத்தினான்.

"என்ன, எல்லாரும் நீலத்துல இருக்கீங்க?" என்றாள் கொரீன். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது.

"இந்த வருஷம் நீலம்தானே?" என்றாள் வெஸ்ஸின் மனைவி ஷெல்பி. "மார்ச்லயே நேடீன் சொன்னாளே."

"யார்கிட்ட?"

"குரூப்லதான். எல்லாருக்கும் போச்சே."

"எந்த குரூப்?"

நேடீனின் விரல்கள் காலரிலேயே நின்றுவிட்டன. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நேடீனுக்கு நாற்பத்தொன்பது வயது. வடக்கு அலபாமாவில் ஒரு கால்நடை மருத்துவமனையின் முன்மேஜையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். ஊர்க்காரர்களின் பெயர் மறந்தாலும் அவர்கள் வீட்டு நாயின் பெயர் அவளுக்கு மறக்காது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு அம்மாவின் வேலைகளில் ஒன்று அவளுக்கு வந்துசேர்ந்தது. ஜூன் இரண்டாம் வாரம் குடும்பம் முழுவதும் கல்ஃப் ஷோர்ஸ் என்ற கடலோர ஊரில் அதே வாடகை வீட்டுக்கு வரும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடற்கரையில் படம் எடுத்துக்கொள்ளும். அதற்கு யார் என்ன நிறம் உடுத்துவது என்று நேடீன்தான் முடிவு செய்வாள்.

பிப்ரவரியில் பெயின்ட் கடைக்குப் போய் நிறச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு வருவாள். சாப்பாட்டு மேஜையில் பரப்பிவிட்டு ஒரு வாரம் நின்றபடி சாப்பிடுவாள். காலை வெளிச்சத்தில் ஒன்றைத் தள்ளுவாள், மாலையில் திரும்ப வைப்பாள். முடிவானதும் சீட்டுகளைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்புவாள். யாருக்குக் கோடு, யாருக்குப் பூப்போட்டது, எழுத்து போட்ட பனியன் யாருக்கும் கூடாது. குடும்பம் வருடங்களையே அப்படித்தான் சொல்லும். பவளநிறத்து வருஷம் வெஸ்ஸின் வண்டி தீப்பிடித்தது. மஞ்சள் வருஷம் அம்மாவின் கடைசி வருஷம். போன வருஷம் வெள்ளை. அந்த அக்டோபரில், புயலில் சாய்ந்த மரங்களை அறுக்கப் போன இடத்தில் கிளை விழுந்து க்ளேட்டன் செத்துப்போனான். நேடீனுக்கு நேர் இளைய தம்பி, கொரீனின் கணவன்.

குழுவில் வீட்டுக்கு ஒரு எண்தான். டாடி, வெஸ், க்ளேட்டன். மனைவிகளுக்கு அவரவர் கணவன் சொல்லிவிடுவான். அடக்கம் முடிந்த வாரம் நேடீன் க்ளேட்டனின் பெயரை நீக்கப் பார்த்தாள். விரல் போகவில்லை. மார்ச்சில் நீலச் சீட்டை அனுப்பியபோது மூன்று பெயரும் வரிசையாகத் தெரிந்தன. அன்று முழுவதும் மனசுக்கு இதமாக இருந்தது. "இந்த வருஷம் வெள்ளை வேண்டாம்" என்று எழுதியிருந்தாள்.

"க்ளேட்டன் நம்பருக்கா அனுப்பின?" என்றாள் கொரீன்.

"கொரீன், நான்..."

"அந்த ஃபோனை பிப்ரவரியோட நிறுத்திட்டேன். அதுவரைக்கும் தினம் சார்ஜ் போட்டு வெச்சிருந்தேன்."

"சத்தியமா யோசிக்கல கொரீன்."

"யோசிச்சிருக்க. அவனை யோசிச்சிருக்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "மிஸ்டர் ஹாலிஸ் தேதி மட்டும் சொன்னாரு. கலர் ஒண்ணும் சொல்லல. சரி, யாருக்கும் மனசில்ல போல, போன வருஷத்து துணியையே போட்டுக்குவாங்கன்னு நினைச்சேன். டெஸ்ஸுக்கு உயரம் பத்தல. மடிப்பைப் பிரிச்சு இறக்கித் தச்சேன்."

கவுனின் கீழ் விளிம்பில் பழைய மடிப்பின் தடம் ஒரு கோடாகத் தெரிந்தது.

"என்னடா, இன்னும் கிளம்பலையா?" என்றார் ஹாலிஸ். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. "சூரியன் என்ன நம்ம வீட்டு வேலைக்காரனா, காத்துக்கிட்டு நிக்க?"

ஷெல்பி உள்ளே ஓடி இரண்டு நீலச் சட்டைகளோடு வந்தாள். "எங்க பசங்க எப்படியும் எதையாவது கொட்டிக்குவானுங்கன்னு ஆளுக்கொண்ணு கூடுதலா எடுத்துட்டு வருவேன். பூனுக்குத் தொளதொளன்னுதான் இருக்கும், செருகிக்கலாம். டெஸ், நீ கவுனுக்கு மேலயே மாட்டிக்கோ கண்ணு. கொரீன், உனக்கு என்னோடது ஒண்ணு..."

"விடு ஷெல்பி. உன் சட்டையில என் ஒரு கைதான் நுழையும்."

நேடீன் குனிந்து பூனுக்குப் பொத்தான் போட்டாள்.

"அப்பா படத்துல வெள்ளைதான் அத்தை," என்றான் அவன்.

"ஆமாண்டா."

ஒரு பொத்தான் மாறிவிட்டது. கழற்றித் திரும்பப் போட்டாள்.

இந்த ஒரு வாரத்தை அவள் மனதில் வேறு மாதிரி வைத்திருந்தாள். கொரீனின் அம்மா தன்னோடு மிசௌரிக்கே வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறாள் என்பது நேடீனுக்குத் தெரியும். ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதற்குள், என் வீட்டுப் பின்கட்டு சும்மாதான் கிடக்கிறது, பிள்ளைகளோடு அங்கே வந்து இரு என்று சொல்ல வேண்டும். படம் எடுத்த பிறகு, எல்லோரும் மனம் இளகி இருக்கும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டிருந்தாள்.

மரப்பாலத்தைக் கடந்து மணலில் இறங்கினார்கள். புகைப்படக்காரி இவெட் வெறுங்காலோடு காத்திருந்தாள்.

"வாங்க வாங்க, நல்ல வெளிச்சம் இன்னும் இருபது நிமிஷம்தான். சாருக்கு நாற்காலி போட்டாச்சு." அவள் கண் கொரீனிடம் போயிற்று. "மேடம் மட்டும் வெள்ளையா? தப்பா எடுத்துக்காதீங்க, நடுவுல நின்னா பாக்குறவங்க கண்ணு நேரா அங்கதான் போகும். கொஞ்சம் ஓரமா நிக்கிறீங்களா?"

அந்த ஓரத்துக்குக் குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு. வெஸ் வைத்தது. கத்தரி ஓரம். கல்யாணம் ஆவதற்கு முன்பு யார் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் அங்கேதான் நிறுத்துவார்கள். ஒத்துவராவிட்டால் பின்னால் வெட்டிவிடலாம். வெஸ்ஸின் பழைய தோழிகள் இரண்டு பேரை அப்படி வெட்டியிருக்கிறார்கள். டாடி வீட்டு மாடிப்படிச் சுவரில் மாட்டிய படம் ஒன்றில் ஒருத்தியின் முழங்கை மட்டும் இன்னும் இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் க்ளேட்டன் கொரீனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவளை அங்கே நிறுத்தியது நேடீன்தான். அடுத்த வருஷம் விரலில் மோதிரத்தோடு வந்தவளைத் தோளைப் பிடித்து நடுவுக்குக் கொண்டுவந்ததும் அவள்தான்.

கொரீன் போய் ஓரத்தில் நின்றாள்.

"ஒன்பது வருஷம் கழிச்சு பழைய இடத்துக்கே வந்துட்டேன், வெஸ்."

"கத்தரியை நான் வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்," என்றான் வெஸ். கொரீன் மட்டும் சிரித்தாள்.

பத்துப் பன்னிரண்டு எடுத்தார்கள். பூன் அம்மா பக்கம் ஓடிக்கொண்டே இருந்தான். டெஸ் முகத்தை உம்மென்று வைத்திருந்தாள். ஹாலிஸ் நாற்காலியில் சரிய ஆரம்பித்தார். இவெட் கேமராவை நேடீனிடம் கொண்டுவந்து காட்டினாள். எட்டு நீலம், ஓரத்தில் ஒரு வெள்ளை. துணி காயப் போட்டதுபோல் இருந்தது.

"மேடம் இல்லாம ஒண்ணு எடுத்துப் பாக்கலாமா?" என்றாள் இவெட் மெதுவாக. "நீங்கதான சொல்லணும்."

எல்லோரும் நேடீனைப் பார்த்தார்கள். கொரீனும் பார்த்தாள்.

ஒரு வழி இருந்தது. கொரீனை நடுவில் டாடியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு பக்கமும் நிறுத்தினால் போதும். மூன்று வெள்ளை நடுவில், சுற்றி நீலம். நேடீனுக்குப் படம் கண்ணில் தெரிந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் க்ளேட்டனின் வெள்ளை இல்லை என்பதும் தெரிந்தது. மாடிப்படி ஏறுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். டாடி தினமும் ஏறுகிறார்.

"இந்த ஒண்ணு மட்டும், கொரீன்," என்றாள்.

"சரி."

கொரீன் இவெட்டுக்குப் பின்னால் போனாள். ஷெல்பி தன் இடத்தை விட்டு நகரப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டாள். டெஸ்ஸின் உதடு துடித்தது. கொரீன் தன் செருப்புகளை எடுத்துக் கோவேறு கழுதையின் காதுபோலத் தலைக்கு இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு கனைத்தாள். க்ளேட்டன் செய்வது அது. பிள்ளைகள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஹாலிஸ்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியே, அப்படியே!" என்றாள் இவெட்.

வெளிச்சம் போகும்வரை கொரீன் கனைத்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது மரப்பாலத்தில் நேடீன் அவளை எட்டிப் பிடித்தாள். "கொரீன், என் வீட்டுப் பின்கட்டு..."

"பிள்ளைங்க காலெல்லாம் மணல்," என்றாள் கொரீன். "கழுவி விடணும்."

மறுநாள் புதன்கிழமை. வீடு சனிக்கிழமை வரை அவர்களுடையது. கொரீன் காலை ஏழு மணிக்குப் பைகளை வண்டியில் ஏற்றினாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஹாலிஸிடம் சொன்னாள். அவர் நம்பினார். வெஸ் டயர்களில் காற்று பார்த்தான். பிள்ளைகள் எல்லோருக்கும் முத்தம் கொடுத்தார்கள். இரண்டு நீலச் சட்டைகளும் துவைத்து மடித்து சலவை இயந்திரத்தின் மேல் இருந்தன.

ஒன்பது மணிக்கு நேடீன் கொரீனின் எண்ணைக் குழுவில் சேர்த்தாள். க்ளேட்டனின் எண்ணை எடுக்கவில்லை. பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இவெட் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பிள்ளைகள் சிரிக்கிற படம். இதுவே இருக்கட்டும் என்றாள் ஷெல்பி. நேடீன் சரி என்று பதில் போட்டாள். மதியம் வெஸ் இறாலும் சோளமும் வேகவைத்தான். ஹாலிஸ் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.

நாலு மணிக்குக் கொரீன் குழுவிலிருந்து விலகினாள் என்று ஒரு வரி வந்தது. ஐந்து மணிக்கு மழை விட்டது. வெஸ் பையன்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனான்.