மாயாண்டி கதாநாயகனான கேசட்

துபாயில் வெளியான முதல் தமிழ்ப் படத்தை ஆயிரம் பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் பார்த்தார்கள். கொஞ்சம் ஊதிச் சொல்கிறேன்; அந்தக் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்தாலே ஒருவர் மடியில் ஒருவர்தான். ஆனால் வீடியோ டெக் எங்களுடையது, அதில் பொய்யில்லை.

கதாநாயகன் மாயாண்டி. முதுகுளத்தூர்ப் பக்கம். கல்யாணமான மாதமே, எண்பத்து நாலில், விமானம் ஏறியவன். அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் தங்கிக் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை. யார் பக்கத்தில் நிற்கிறானோ அவராகவே ஆகிவிடுவான். யாழ்ப்பாணத்து யோகநாதனோடு நின்றால் "ஓம் அண்ணை" என்பான். பாகிஸ்தான் பட்டாணி ஃபோர்மேன் வந்தால் "அச்சா பாய்" என்று தலையாட்டுவான். தனியாகத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

அவனுடைய ஊர்க்காரன், ஒரே ரூம்காரன் நாகலிங்கம். எங்கிருந்தோ கேமரா இரவல் வாங்கி வந்தான்.

"மாப்ள, லீவுல போற காதர் மைதீன் பாய்கிட்ட கேசட்டக் குடுத்து விடுவோம். தங்கச்சி நாகவள்ளி உன்னப் பாக்கட்டும்."

மாயாண்டி ஒரு வாரம் கேமராவுக்கு முன்னால் வேலை பார்த்தான். கடைசியில், வெயிலுக்கு முகம் மூடிக் கட்டியிருந்த தலைத்துண்டை அவிழ்த்து, தலை சீவி, மனைவி நாகவள்ளியிடம் பேசினான்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் படம் ஓடியது. காட்டு விலங்குப் படங்களில் வருவதுபோல நாகலிங்கத்தின் கனத்த குரல்: "இந்தப் பிராணிக்குச் சொந்த நிறம் கிடையாது. நீலச் சட்டைக் கூட்டத்தில் விட்டால் நீலம்..."

கூடமே உருண்டு சிரித்தது. மாயாண்டியும் சிரித்தான், எல்லாரும் சிரிக்கிறார்களே! தான் பேசிய இடத்துக்காகக் காத்திருந்தான். படம் முடிந்து திரையில் புள்ளி புள்ளியாக வந்தது.

"நான் பேசுனது எங்கடா?"

"அது ஒரே அழுகாச்சி மாப்ள. காமெடியோட ஒட்டல, வெட்டிட்டேன்."

"சரி, இது ஊருக்குப் போக வேணாம்."

"ஒரு காப்பியோட பாய் நேத்தே ஃப்ளைட் ஏறிட்டாரேடா!"

மாயாண்டி எழுந்தான். வாசலில் கிடந்ததெல்லாம் கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி ஷூ. கிடைத்ததை மாட்டிக்கொண்டு போனான். ரூமை மாற்றிக்கொண்டான். நாகலிங்கத்தோடு அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது.

ஊரில் அதைப் பார்த்து நாகவள்ளி விழுந்து விழுந்து சிரித்தாள் என்றுதான் இங்கே எழுதியிருந்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவளுக்கே வாசித்தும் காட்டினேன்.

"அக்கா, நான் எங்க சிரிச்சேன்? ஊருதான் சிரிச்சுச்சு. நான், 'படத்துல எங்க வீட்டுக்காரரு எப்ப வருவாரு'ன்னு படம் முடியுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன்."