துணைநிலை ஆளுநர் கொடுத்த பதக்கம்

பிரெஞ்சு பேசும் மாகாணத்து ரொக்ஸ்பரோ நிலையத்தில் ரயிலுக்காக நிற்கிறேன். பக்கத்தில், குளிர்கோட்டுக்கு மேல் பதக்கம் மின்ன, யாழ்ப்பாணத்துச் செல்வராணி அக்கா. ஆஸ்பத்திரியில் தமிழ் நோயாளிகளுக்காகப் பல வருடமாகச் சம்பளமில்லாமல் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பவராம்.

"துணைநிலை ஆளுநர் இண்டைக்குத் தந்தவர், தம்பி."

"அவருக்கு என்ன வேலை, அக்கா?"

"அரசருக்குப் பதிலா இருக்கிறவர். அவர் கையெழுத்து வைக்காட்டி இந்த மாகாணத்திலை ஒண்டும் சட்டமாகாது."

"அவர் முன்னாடி பேச பயமா இல்லையா?"

"பயம்தான். பாடமாக்கின பிரெஞ்சு எல்லாம் மறந்துபோச்சு. தமிழிலை நன்றி சொல்லிப்போட்டன். அவர் விளங்காமல் பார்த்தார். உடனே ஆஸ்பத்திரியிலை செய்யிற மாதிரி, நான் சொன்னதை நானே பிரெஞ்சிலை மொழிபெயர்த்தன்."

வாய்விட்டுச் சிரிக்கிறார்.

"மண்டபமே கை தட்டினது. முதல் தட்டினவர் ஆளுநர்தான்!"